சலரோகத் தேநீரும் தராசுத் தட்டும்

திருகோணமலைத் துறைமுக வட்டாரத்தில் சலரோகத்தைப் பற்றிப் பேசாத வீடு இன்று அரிது. சீனி வருத்தம் என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். மதுமேகம் என்று பரம்பரை வைத்தியர் சொல்வார். நீரிழிவு என்று பாடநூல் சொல்லும். பெயர் பலவாயினும் நோய் ஒன்றே. அதற்கு வைத்தியசாலையிலே குளிசை கொடுக்கிறார்கள். கடைத்தெருவிலே மூலிகைத் தேநீர்ப் பொதி விற்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் குளிசை விழுங்கவேண்டும் என்றால் முகஞ் சுளிக்கும் முதியவர், தேநீர் என்றால் மகிழ்ந்து குடிக்கிறார். மூலிகைதானே, என்ன தீங்கு வந்துவிடப் போகிறது என்பது அவருடைய வாதம். கொடியையும் வேரையும் கொதிக்கவைத்த தண்ணீரா நோயைத் தீர்க்கும் என்பது அவருடைய படித்த மகனின் ஏளனம். ஒருவர் நம்புகிறார், மற்றவர் நகைக்கிறார். இருவரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

நான் மருத்துவனல்லன், கரும்பலகையோடு காலங் கழித்த ஓர் ஆசிரியன். ஆயினும், ஒரு கூற்றை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் முன்னால் அதனை எவ்வாறு சோதிப்பது என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய கேள்வியன்று. கல்வி என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் உயிர்நிலையே அக்கேள்விதான். ஆகையால் இதனை ஆசிரியர் முன்னும் மாணவர் முன்னும் வைக்கத் துணிந்தேன்.

நிறுத்துப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். சிங்களத்தில் கொத்தலா ஹிம்புட்டு என்றும், தமிழில் கடலழிஞ்சில் என்றும் வழங்கும் ஒரு கொடி உண்டு. தாவரவியலார் அதனைச் சலாசியா ரெட்டிகுலாட்டா என்பர். இலங்கையின் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் மரங்களைப் பற்றிப் படரும் கட்டைக்கொடி அது. அதன் கட்டையிற் குடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையிற் குடித்தால் சலரோகம் தணியும் என்பது சிங்கள மக்களின் நெடுநாள் வழக்கம். சித்த வைத்தியர்களும் கடலழிஞ்சிற் சூரணத்தை மதுமேகத்துக்குக் கொடுத்துவந்திருக்கின்றனர். இரு மொழியாரும் ஒரே கொடியை ஒரே நோய்க்குத் தெரிந்தெடுத்திருப்பது கவனத்துக்குரியது. ஆனால் வழக்கம் ஒரு சாட்சியே, தீர்ப்பு அன்று.

அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர்கள் ஜயவர்த்தன முதலிய நான்கு இலங்கை ஆய்வாளர்கள். அவர்களுடைய ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சலரோகமுடைய 51 பேரை அவர்கள் இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் 28 பேர். மற்றதில் 23 பேர். முதற் பிரிவினர் மூன்று மாதம் கொத்தலா ஹிம்புட்டுத் தேநீர் குடித்தனர். அடுத்த மூன்று மாதம், பார்வைக்கு அதே போன்ற பொதியிலடைத்த, ஆனால் அம்மூலிகை இல்லாத தேநீரைக் குடித்தனர். இரண்டாம் பிரிவினர் இதனையே தலைகீழாகச் செய்தனர். எந்த மாதம் எந்தப் பொதி என்பது குடிப்பவருக்குந் தெரியாது; கொடுக்கும் வைத்தியருக்குந் தெரியாது. யார் எந்தப் பிரிவில் என்பதும் ஒருவருடைய விருப்பத்துக்கு விடப்படாமல், எழுந்தமானமாகவே தீர்மானிக்கப்பட்டது.

இத்தனை மறைப்பு எதற்கு என்று கேட்கலாம். மனித மனத்தின் இயல்பை அறிந்தவர்க்கு விடை எளிது. மருந்து குடிக்கிறோம் என்ற எண்ணம் வந்தவுடனே நோயாளி தம் உணவிலுஞ் சற்றுக் கவனம் வைக்கிறார். மாலையிலே நாலு அடி கூடுதலாக நடக்கிறார். மருந்து கொடுக்கும் வைத்தியரும், குணங் காண விரும்பிய கண்ணோடுதான் பார்க்கிறார். போதாக்குறைக்கு நோயின் கடுமையும் கடல்நீர் போல ஏறியிறங்குவது. மிக ஏறியிருக்கும் வேளையில் மருந்து தேடிப் போகிறவர், ஒன்றுஞ் செய்யாவிட்டாலுஞ் சில வாரங்களிற் சற்று இறங்கியே இருப்பார். அந்த இறக்கத்தின் புகழ் அவர் அப்போது குடித்த தேநீருக்குப் போய்ச் சேரும். இந்த மூன்று மயக்கங்களையும் விலக்கவே வெறும் பொதி வேண்டியிருக்கிறது. இரு தட்டும் சமமாயிருந்தாலன்றோ தராசு உண்மை பேசும்?

இனி முடிவைப் பார்ப்போம். இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபினில் ஓரளவு சீனி ஒட்டிக்கொள்ளும். செங்குருதிக் கலமொன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள் ஆகையால், அவ்வாறு ஒட்டிய பங்கு எத்தனை சதவீதம் என்று அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலை தெரிந்துவிடும். வைத்தியசாலைத் தாளில் எச்.பி.ஏ.1சி என்று எழுதுவது இதனைத்தான். காலையிலே பட்டினி கிடந்து கொடுக்கும் ஒருநாள் இரத்தம் ஏமாற்றலாம். இது எளிதில் ஏமாற்றாது. மூலிகைத் தேநீர் குடித்து முடித்தபோது இந்த அளவு சராசரியாக 6.29, வெறும் பொதி குடித்து முடித்தபோது 6.65. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.36. தேநீரில் ஒன்றுமேயில்லாமல், தற்செயலாக மட்டும் இத்தகைய வேறுபாடு தோன்றுவதற்கு ஆயிரத்தில் எட்டுத் தடவைதான் இடமுண்டு என்பது கணக்கு. ஆகவே வெறும் நம்பிக்கைதான் குணமாக்கியது என்று நகைத்த மகன் தோற்றார். தேநீர் பயனுடையது, தீங்கற்றது என்றே ஆய்வாளர்கள் முடிவு கூறினர்.

அப்படியானால் தந்தை வென்றுவிட்டாரா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

0.36 என்ற எண்ணை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம். வைத்தியசாலைகளில் முதன்முதல் எழுதிக்கொடுக்கும் மெற்போமின் என்னும் குளிசை இதே அளவை ஏறத்தாழ 1 சதவீதப் புள்ளி குறைக்கக் கூடியது. தேநீரின் உதவி உண்மையானதே. ஆனால் அது தோள்கொடுக்கும் உதவி, தேரை இழுக்கும் உதவியன்று. குளிசையை நிறுத்திவிட்டுத் தேநீரை நம்புகிறவர், பெரிய தூணைப் பிடுங்கிவிட்டுச் சிறிய முட்டுக்கொடுத்தவர் ஆகிறார். சலரோகமோ உடனே வலித்து எச்சரிக்கிற நோயன்று. கண்ணின் பின்திரையிலும் சிறுநீரகத்திலும் பாதத்து நரம்பிலும் ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, ஒருநாள் பார்வையாகவோ காலாகவோ விலை கேட்பது. இடையில் அந்த மனிதர் தேநீர் நன்றாக வேலை செய்கிறது என்றே சொல்லிக்கொண்டிருப்பார். அவரிடம் பொய் இல்லை, அளவுகோல் இல்லை.

அடுத்தது 51 என்ற எண். ஒரு மருந்தினால் தீங்கு உண்டா என்பதை அறிவது, நன்மை உண்டா என்பதை அறிவதிலும் கடினம். அந்த 51 பேரில் ஒருவருக்கேனும் தீங்கு தோன்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன? பார்த்தவர் தொகையால் மூன்றை வகுத்தால், இன்னும் மறைந்திருக்கக்கூடிய தீங்கின் மேல்வரம்பு ஏறத்தாழக் கிடைக்கும் என்பது புள்ளிவிவரக்காரரின் எளிய விதி. மூன்றை ஐம்பத்தொன்றால் வகுத்தால் பதினேழில் ஒன்று. பதினேழு பேருக்கு ஒருவரைக் கெடுக்கும் தீங்குகூட, 51 பேரின் கண்ணிற் படாமலே தப்பிவிடலாம் என்பது இதன் பொருள். மூன்று மாதத்தில் தோன்றாத தீங்கு மூன்றாம் ஆண்டில் தோன்றலாம் என்பது தனிக்கதை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். பிரித்தானியாவில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய சலரோக ஆய்வொன்று, புதிதாக நோய் கண்ட 5,102 பேரைச் சேர்த்து, நடுவளவாகப் பத்தாண்டு பின்தொடர்ந்து, 1998இல் தன் முடிவைச் சொல்லிற்று. நம் தேநீராய்வின் 51 பேருக்கு அது ஏறக்குறைய நூறு மடங்கு. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் காக்கப்படும் என்பதை அந்த நீண்ட உழைப்பே நிலைநாட்டிற்று. நம் ஆய்வாளர்களைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. அவர்கள் முதற்படியைச் செவ்வனே கட்டினார்கள். முதற்படியை மாடி என்று நினைத்து அதிலேயே நின்றுகொண்டிருப்பது நம் குறை.

தேநீர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதும் இன்று இருளில் இல்லை. நாம் உண்ணும் சோற்றிலும் பாணிலும் உள்ள மாப்பொருளைச் சிறுகுடலில் உள்ள நொதியங்கள் குளுக்கோசாக உடைக்கின்றன. யப்பானில் கியோட்டோ மருந்தியற் பல்கலைக்கழகத்து மசயூக்கி யொசிக்காவா குழுவினர், இக்கொடியிலிருந்து சலாசினோல் என்ற பொருளை 1997இலும், கொத்தலானோல் என்ற பொருளை 1998இலும் பிரித்தெடுத்து அறிவித்தனர். அந்த நொதியங்களின் கையைக் கட்டிவைப்பவை இவை. சீனி இரத்தத்திற் பாய்ந்து புகாமல் ஊர்ந்து புகும். ஐரோப்பிய மருந்தாகிய அக்கார்போசு செய்வதும் இதே வேலைதான். அதுவும் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து கிடைத்ததே.

செயல்முறையை அறிந்தால் எல்லையும் தெரியும். சாப்பாட்டோடு சேர்ந்தே இத்தகைய மருந்து உதவும். வெறுவயிற்றில் நாலு கோப்பை குடித்துப் பயனில்லை. உடையாத மாப்பொருள் பெருங்குடலுக்குப் போவதால் வயிறு ஊதும், இளகும். இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. சதையியைத் தூண்டி இன்சுலின் சுரக்கச் செய்யும் கிளிபென்கிளமைட்டு முதலிய குளிசைகளோடு, வைத்தியருக்குச் சொல்லாமல், இதனையுஞ் சேர்த்துக் குடிப்பவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். அவ்வேளையில் நாம் அவசரமாகக் கரைத்துக் கொடுக்கும் சீனித்தண்ணீரைக் குளுக்கோசாக உடைக்க வேண்டியதும், கட்டிவைக்கப்பட்ட அதே நொதிய வகைதான். அக்கார்போசு எடுப்பவருக்கு மயக்கத்தில் கொடுக்கவேண்டியது குளுக்கோசே என்று வைத்தியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. இதே விதமாக வேலை செய்யும் மூலிகைக்கும் அந்த எச்சரிக்கையை மறப்பதற்கில்லை. கருவுற்ற பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் உண்டு: கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வேரின் சாற்றை மிகுந்த அளவிற் கொடுத்த கர்ப்பிணி எலிகளுக்குக் கருவிழப்புக் கூடியது, பிறந்த குட்டிகளின் எடையுங் குறைந்தது. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று சொல்லமுடியாது. ஆனால் அதனை அறிந்த பின்பு கர்ப்பிணிக்கு அப்பொதியைக் கொடுப்பவர் துணிச்சல்காரர்.

மூலிகைதானே என்ற சொல்லுக்கு உலகம் கொடுத்த விலையையும் நினைவூட்ட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்சியத்திலே உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிகை உட்கொண்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயராலே குழம்பி, அரிஸ்டொலோக்கியா இனச் செடியொன்று கலந்துவிட்டதே காரணம். நம் ஈச்சுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. அமெரிக்காவில் பொஸ்டன் நகர்ப்புறக் கடைகளில் விற்ற தெற்காசிய மூலிகை மருந்துகள் 70ஐச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்ததென்று கண்டது. 2008இல் சிங்கப்பூரிலே, சலரோகமே இல்லாத ஆடவர் ஏறத்தாழ 150 பேர் சீனி இறங்கி மயங்கிய நிலையில் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர், நால்வர் மாண்டனர். ஆண்மை பெருக்கும் மருந்தென்று அவர்கள் திருட்டுச் சந்தையில் வாங்கியதில், மேலே சொன்ன கிளிபென்கிளமைட்டு கலந்திருந்தது. ஆகவே பொதியின் மேலே எழுதிய பெயருக்கும் பொதியின் உள்ளே கிடக்கும் தூளுக்கும் உள்ள உறவு, நம்பிக்கையினால் அன்றிச் சோதனையினாலேயே உறுதிப்பட வேண்டியது.

இந்நிலையில் நம் நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது? மேலைநாட்டு மருந்துகளை 2015ஆம் ஆண்டின் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. சித்தமும் யூனானியும் உள்ளிட்ட சுதேச வைத்தியம் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகிறது. உணவுப் பண்டங்களுக்கு 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது. தேநீர்ப் பொதியோ பண்டமாகவும் நடிக்கும், மருந்தாகவும் நடிக்கும். ஒரு வாசலிற் காவலன் கேள்வி கேட்டால் மறு வாசல் வழியாக உள்ளே வரும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. இந்தப் பொதியை எந்த நோயாளிகளிடம் சோதித்தீர்கள் என்று வாங்குபவர் கேட்கும் வழக்கம் பிறந்தால், எந்தச் சட்டத்தினும் அது வலிய காவலாகும்.

பரம்பரை வைத்தியர் ஒரு தடை எழுப்புவார்; அதனை அலட்சியஞ் செய்வது நேர்மையன்று. நாங்கள் நோய்க்கு மருந்து கொடுப்பதில்லை, நோயாளிக்குக் கொடுக்கிறோம். வாதம் மிகுந்தவருக்கு ஒன்று, பித்தம் மிகுந்தவருக்கு ஒன்று. மேகம் இருபது வகை. எல்லாருக்கும் ஒரே பொதியைக் கொடுத்துச் சோதிக்கும் உங்கள் முறை எங்கள் வைத்தியத்துக்குப் பொருந்தாது என்பார். இது ஆழமான வாதம். நாடி பார்த்து, நாட்கணக்கிற் பத்தியம் சொல்லி, ஆளறிந்து மருந்து முடிக்கும் வைத்தியருக்கு அந்த வாதம் உரியது. அவர் முறையைச் சோதிப்பதற்கு வேறு வகையான ஆய்வு வகுக்கவேண்டும் என்பதை நான் ஒப்புகிறேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே பொதியைக் கடையிலே அடுக்கி விற்பவர் அந்த வாதத்தின் பின்னே ஒளிய இயலாது. ஆளறிந்து கொடுப்பதை அவரே கைவிட்டுவிட்டார். எல்லாருக்கும் ஒன்றாக விற்பது, எல்லாரிடத்தும் ஒன்றாகச் சோதிக்கத் தக்கதே.

மறுபுறம், சுதேச வைத்தியம் என்றாலே உதட்டைப் பிதுக்குவோர்க்கும் ஒரு சொல். அவர்கள் போற்றும் மெற்போமினின் குலமூதாதையும் ஒரு செடிதான். கலேகா என்னும் ஐரோப்பியச் செடியை அங்குள்ள நாட்டுவைத்தியர் முற்காலத்தில் வழங்கிவந்தனர். அச்செடியோ மேய்ந்த ஆடுகளைக் கொல்லும் நஞ்சுடையது. அதிலுள்ள பொருளின் வழியிலே இரசாயனர் ஆராய்ந்து 1922இல் மெற்போமினை ஆக்கினர். பாரிசு நகரத்து வைத்தியர் சான் ஸ்ரேர்ண் 1957இல் அதனைச் சலரோகிகளுக்குக் கொடுத்துப் பயன்கண்டு வெளியிட்டார். நஞ்சை விலக்கி மருந்தை எடுத்தது எது? இடைவிடாத சோதனை. நம் கொடியைப் பற்றிய அறிவோ நம் பாட்டன்மாருடையது. அதன் உட்பொருளைப் பிரித்துப் பெயரிட்டவர் யப்பானியர். கொத்தலானோல் என்ற பெயரில் நமக்கு மிஞ்சியிருப்பது முதற் பாதிச் சொல் மட்டுமே.

துறைமுக நகரத்தாராகிய நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1747ஆம் ஆண்டு சால்ஸ்பரி என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில், ஸ்கேவி நோயால் ஈறு அழுகிக் கிடந்த மாலுமிகள் பன்னிருவரை யேம்சு லிண்ட் என்ற வைத்தியர் இருவர் இருவராகப் பிரித்தார். ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து: ஒன்றுக்குக் கடல்நீர், ஒன்றுக்குக் காடி, ஒன்றுக்குத் தோடம்பழமும் எலுமிச்சையும், இவ்வாறு ஆறு வகை. பழம் தின்ற இருவருமே விரைந்து தேறினர். இத்தனை தெளிவான முடிவை ஆங்கிலக் கடற்படை ஏற்று, மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்கத் தொடங்கியது 1795இலேதான். நாற்பத்தெட்டு ஆண்டு வீணாயிற்று. அதே 1795ஆம் ஆண்டில்தான் அக்கடற்படை ஒல்லாந்தரிடமிருந்து நம் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றியது. சோதிப்பது பாதி வேலை; சோதித்ததை வளர்த்தெடுத்து வழக்கிற் கொண்டுவருவது மறுபாதி. அந்த மறுபாதியிலே சோம்பியவர்கள், கப்பல் கப்பலாக உயிரைக் கொடுத்தார்கள்.

இனி நம் மாவட்டத்தின் கணக்குக்கு வருகிறேன். இலங்கையிற் சலரோகம் எவ்வளவு என்று அறிய 2005–2006இல் ஒரு பேராய்வு நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நோய் உண்டென்றும், நோயுள்ளோரில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் அதனை அறியாமலே இருக்கின்றனர் என்றும் அது கண்டது. ஆனால் அந்த ஆய்வு ஏழு மாகாணங்களிலேதான் நடந்தது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. நாட்டின் நோயை எண்ணிய ஏட்டிலே நிலாவெளியும் மூதூரும் கிண்ணியாவும் சீனன்குடாவும் இல்லை. கொட்டியாரக் குடாவைப் படகிலே கடந்து வைத்தியசாலைக்கு வந்துகொண்டிருந்த மூதூர்ச் சலரோகி எந்தச் சதவீதத்திலும் சேரவில்லை. போர் முடிந்த பிறகு, 2018–2019இல் நடந்த நாடளாவிய ஆய்வு, வயதுவந்தோரில் நூற்றுக்கு 23 பேர் சலரோகிகள் என்றது. இரண்டு ஆய்வுகளின் அளவுமுறையும் ஒன்றல்லவாகையால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து வளர்ச்சி இத்தனை என்று சொல்லலாகாது. எனினும் நோயின் பாரம் முன்பு நினைத்ததிலும் பெரிது என்பது தெளிவு.

அந்தப் பாரம் எப்படி வந்தது என்று நம் கடற்கரையே ஓரளவு சொல்லும். சீனன்குடாவிலே 1980ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மாபெரும் ஆலையில், கப்பலில் வந்திறங்கும் கோதுமை வெள்ளை மாவாக அரைபட்டு நாடெங்கும் போகிறது. குரக்கனும் சாமையும் உண்டவர் வீட்டில் பாணும் பணிசும் காலை உணவாயின. அவற்றோடு சீனி மிகுந்த தேநீரும் சேர்ந்தது. வயலிலும் வள்ளத்திலும் உழைத்த உடம்பு நாற்காலியில் அமர்ந்தது. நோயை விளைத்த வாழ்க்கையை அப்படியே வைத்துக்கொண்டு, தேநீரை மட்டும் மாற்றிக் குணந்தேடுவது எவ்வளவு கூடும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்கலாம்.

ஆயினும் ஏழையின் நிலையை மறந்து உபதேசஞ் செய்ய நான் விரும்பவில்லை. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு உண்டானபோது, குளிசை கிடைக்காதவர் வேலியோரத்து மூலிகையைத் தேடியதிற் குற்றம் என்ன? ஆவாரை பூத்திருக்கும் ஊரிற் சாவாரைக் காண்பதில்லை என்ற பழமொழி அவருக்குத் துணை. மீண்டும் அப்படியொரு காலம் வரலாம். அன்றைக்கு எந்த மூலிகை எத்தனை அளவில் உதவும், எது ஆகாது என்று உறுதியாகச் சொல்ல நம்மிடம் அறிவு இருக்கவேண்டும். அந்த அறிவைத் தேடும் முயற்சி நாட்டில் இல்லாமலில்லை. 2011இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில், நலமுள்ள 61 தொண்டர்களைக் கொண்டு கோவையிலையின் பயன் சோதிக்கப்பட்டது. இருபது கிராம் இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் கலந்து, நம் வீட்டுச் சம்பல் போலவே கொடுத்தார்கள். அதன் பின் குளுக்கோசு குடித்தவர்க்கு இரத்தச் சீனி குறைவாகவே ஏறிற்று. கோவை நம் வேலியிலேயே படர்வது. வேலிக்கு வெளியே நின்று நாம் வேடிக்கை பார்க்கலாமா?

திருகோணமலையிலே இதற்கு வேண்டிய இரண்டு கைகளும் இருக்கின்றன. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது; கிழமைதோறும் சலரோகிகள் அங்கே இரத்தஞ் சோதிக்க வருகிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் கலந்து வாழும் மாவட்டமாகையால், இங்கே பெறும் முடிவு ஒரு சாராருக்கு மட்டும் உரியதாயிராது. ஓர் ஆய்வைத் தொடங்குமுன் அதன் நோக்கத்தையும் முறையையும் பகிரங்கமாகப் பதிந்துகொள்ள, இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் நிறுவிய பதிவேடும் உண்டு. பதிந்தபின் பிடிக்காத முடிவை ஒளிக்க இடமில்லை. வளாகமும் வைத்தியசாலையும் கைகோத்து, நம் கடைகளில் விற்கும் பொதிகளுள் ஒன்றையேனும் எடுத்து, முதலில் உள்ளே இருப்பது இன்னதென்று உறுதி செய்து, பிறகு ஐம்பது பேரிடமன்றி ஐந்நூறு பேரிடம், மூன்று மாதமன்றி இரண்டாண்டு சோதித்தால் என்ன? இதற்குக் காசு வேண்டும், பொறுமை வேண்டும், இரு வைத்தியத்தாரும் ஒரே மேசையில் அமரும் மனம் வேண்டும். மூன்றிலும் அரியது மூன்றாவதே.

அதுவரைக்கும் தேநீர் குடிப்பவரைப் பார்த்து, குடியாதே என்று நான் சொல்லமாட்டேன். குளிசையை நிறுத்தாதீர், தேநீர் குடிப்பதை வைத்தியரிடம் மறைக்காதீர், மூன்று மாதத்துக்கொரு முறை அளந்து பாரும், பொதியிலே மூலிகையின் பெயரும் அளவும் செய்தவர் முகவரியும் இல்லையானால் கடையிலேயே விட்டுவிட்டு வாரும் என்பேன். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பிலே இந்த ஆய்வின் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக்காட்டுங்கள். 6.29க்கும் 6.65க்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு, 51 பேர் எதற்குப் போதும், எதற்குப் போதாது, வெறும் பொதி ஏன் வேண்டும் என்று மாணவர்கள் தாங்களே கேட்டுத் தெளியட்டும். அவ்வாறு தெளிந்த பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாத்தாவின் தேநீர்ப் பொதியை எடுத்து, அதன் பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கும். அடுத்த மருத்துவத் தேதி என்றைக்கு என்றும் கேட்கும்.